தலை திரும்பாத குழந்தை: முடிவை வலி வரும் இரவுக்குத் தள்ளாதீர்கள்

ஒன்பதாம் மாத ஸ்கேனில் ‘பிரீச்’, அதாவது குழந்தையின் தலை மேலே இருக்கிறது, என்று எழுதி வந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, “இன்னும் நாள் இருக்கு, திரும்பிடும்” என்பதுதான். ஏழாம் மாதத்தில் இந்தப் பேச்சு சரி. 28வது வாரத்தில் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலாகவே இருக்கும். பெரும்பாலானவை பிறகு தாமாகத் திரும்பிக்கொள்ளும். நாள் நிறையும்போது திரும்பாமல் இருப்பவை நூற்றுக்கு மூன்று, நான்குதான். ஆனால் 36 வாரம் கடந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. தலைப்பிரசவக்காரிகளில் அதன் பிறகு குழந்தை தானாகத் திரும்புவது நூற்றில் எட்டுப் பேருக்குத்தான்.

திரும்பாத குழந்தையைப் பெற்றெடுக்க மூன்று வழிகள் உண்டு. வெளியிலிருந்து திருப்பிப் பார்க்கலாம், நாள் குறித்து சிசேரியன் செய்யலாம், தேர்ந்த கைகளின் மேற்பார்வையில் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். மூன்றிலும் ஓரளவு ஆபத்து உண்டு. அவை மூன்றையும்விடப் பெரிய ஆபத்து, எந்த வழி என்று தீர்மானிக்காமல் வலி எடுக்கும் இரவு வரை காத்திருப்பது.

காரைக்காலில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நிர்வாகத் தலைநகரான புதுச்சேரியோ வடக்கே 130 கிலோமீட்டர் தாண்டி இருக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. நெடுங்காட்டுப் பெண் மயிலாடுதுறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருப்பார், நிரவிப் பெண் திருவாரூர்ப் பக்கம். கர்ப்பத்தின் முதல் ஏழு மாதப் பரிசோதனை தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்திருக்கும். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்ததும் மீதி நாட்கள் புதுச்சேரி அரசின் மருத்துவமனையில். எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. இரண்டு அரசுகள், இரண்டு பதிவேடுகள், இரண்டு ஃபைல்கள். முடிவெடுக்க வேண்டிய அதே வாரங்களில்தான் கர்ப்பிணி ஊர் மாறுகிறார், டாக்டர் மாறுகிறார். பழைய ஸ்கேன் புகுந்த வீட்டு பீரோவிலேயே தங்கிவிட்டால், குழந்தை எப்படி இருக்கிறது என்பது லேபர் வார்டில் கைவைத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

அப்படித் தாமதமாகத் தெரிவதன் விலை என்ன? 2022 செப்டம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் அருகே ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததை நாளிதழ்கள் எழுதின. கர்ப்பிணி வலியோடு வந்தபோது பணியில் டாக்டர் இல்லை. குழந்தையின் கால்கள் முதலில் வெளிவரக் கண்ட செவிலியர்கள், டாக்டரை வீடியோ காலில் அழைத்து அவர் சொல்லச் சொல்லப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. யார்மேல் தவறு என்பது விசாரணையின் வேலை. கர்ப்பிணிகளும் குடும்பங்களும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், தலை திரும்பாத குழந்தையின் பிரசவத்தை ஆபரேஷன் தியேட்டரும் டாக்டரும் இல்லாத இடத்தில் தொடங்க விடக்கூடாது என்பதுதான்.

ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வழக்கமான பிரசவத்தில் குழந்தையின் உடம்பிலேயே பெரிதும் கடினமுமான தலை முதலில் வருகிறது. மணிக்கணக்கில் மெல்ல அழுந்தி, மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறி, வழிக்கு ஏற்ப வடிவம் கொள்கிறது. தலை வந்துவிட்டால் மற்றது சிரமமில்லை. பிரீச்சில் வரிசை தலைகீழ். புட்டமும் உடம்பும் முதலில் வருகின்றன, தலை கடைசியில். அதற்கு வடிவம் கொள்ள நேரமே கிடையாது. கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன்பே சிறிய உடம்பு நழுவி வந்துவிடலாம், பின்னால் வரும் தலை மாட்டிக்கொள்ளலாம். தொப்புள் வெளியே வந்த கணத்திலிருந்து தொப்புள்கொடி தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அழுந்துகிறது. தொப்புள் தெரிந்தபின் மூன்று நிமிடத்துக்குள் தலை வராவிட்டால் டாக்டர் தலையிட வேண்டும் என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி. பதறிப்போய்க் காலைப் பிடித்து இழுப்பதுதான் இதில் மிகக் கெட்டது. இழுத்தால் கைகள் தலைக்கு மேலே போய்விடும், தாடை நிமிர்ந்து தலை இன்னும் இறுகிக்கொள்ளும். எப்போது கைவைக்காமல் இருப்பது, எப்போது எப்படிக் கைவைப்பது என்பது பழகிய கைகளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை.

எல்லாப் பிரீச்சும் ஒரே மாதிரி அல்ல. ஸ்கேன் அறிக்கையில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கால்கள் இரண்டும் முகம் வரை நீட்டியிருக்க, புட்டம் மட்டும் கீழே இருப்பது ஒரு வகை. அதிகம் காணப்படுவதும் இதுதான். சம்மணமிட்டது போல் கால்களை மடித்திருப்பது இன்னொன்று. ஒரு காலோ இரண்டு காலுமோ கீழே தொங்குவது மூன்றாவது. பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி முன்னால் சரிந்து வெளியே வரும் வாய்ப்பு முதல் வகையில் இருநூறில் ஒன்று, இரண்டாவதில் நூற்றில் நாலு முதல் ஆறு, கால் தொங்கும் வகையில் நூற்றில் 15 வரைகூடப் போகும். கொடி சரிந்தால் குழந்தைக்கு மிஞ்சுவது நிமிடங்கள்தான். ஆகவே கால் தொங்கும் வகைக்குச் சுகப்பிரசவ முயற்சி என்ற பேச்சே வேண்டாம்.

முதல் வழி, வெளியிலிருந்து திருப்புவது. டாக்டர்கள் இதை ஈ.சி.வி. என்பார்கள். தலைப்பிரசவத்துக்கு 36வது வாரத்திலிருந்தும், முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு 37வது வாரத்திலிருந்தும் செய்யலாம். கருப்பை தளர ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி, வயிற்றின்மேல் கைகளை வைத்துக் குழந்தையைக் குட்டிக்கரணம் போட வைப்பது போல் மெல்லத் திருப்புகிறார்கள். முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெற்றி. முதல் பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 40, மற்றவர்களில் 60. திரும்பிய குழந்தை மறுபடி பழைய நிலைக்குப் போவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. உடனே அவசர சிசேரியன் தேவைப்படுவது இருநூறில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்காகத்தான் இதைத் தியேட்டர் உள்ள மருத்துவமனையில் மட்டும் செய்ய வேண்டும். நஞ்சு கருப்பை வாயை மறைத்திருப்பவர், அண்மையில் ரத்தப்போக்கு இருந்தவர், பனிக்குடம் உடைந்தவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

இதே வேலையை எண்ணெய் தடவிக் கையால் செய்து தருகிறேன் என்று வீட்டில் யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். இதயத் துடிப்பு பார்க்காமல், நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் வயிற்றை அமுக்கினால் நஞ்சு பிரிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டலாம். குனிந்து படுப்பது, இடுப்பைத் தூக்கி வைப்பது போன்ற பயிற்சிகள் குழந்தையைத் திருப்பும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அவற்றை நம்பி இரண்டு வாரத்தை இழந்தால், ஈ.சி.வி.க்கு வாய்ப்பான நாட்களும் போய்விடும்.

இரண்டாவது வழி, நாள் குறித்த சிசேரியன். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் கனடாவின் மேரி ஹன்னா குழுவினர் வெளியிட்ட ஆய்வு உலகத்தின் போக்கையே மாற்றியது. 26 நாடுகள், 2,088 கர்ப்பிணிகள். திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறப்பும் கடும் பாதிப்பும் சேர்ந்து 1.6 சதவீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதம். அதன் பிறகு பல நாடுகளில் பிரீச் என்றாலே சிசேரியன் என்றாயிற்று. அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் மறுபடி பார்த்தபோது, இறப்பிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் இரு பிரிவினருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிசேரியனுக்கும் விலை உண்டு. அது பெரும்பாலும் அடுத்த கர்ப்பத்தில் வந்து சேர்கிறது. கருப்பையில் தழும்பு உள்ளவர் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்றால், இருநூறில் ஒருவருக்குத் தழும்பு பிரியலாம். அடுத்த நஞ்சு கருப்பை வாயை மறைத்து அமைந்தால், அது தழும்புக்குள் வேரோடும் வாய்ப்பு ஒரு சிசேரியன் ஆனவருக்கு நூற்றில் 11, இரண்டு ஆனவருக்கு 40 என்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இரண்டு, மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று நினைப்பவர் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாள் குறிக்கும்போது இன்னொரு கவனமும் தேவை. வேறு அவசரம் இல்லாதபோது 39 வாரம் நிறையும் முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. நல்ல நேரம் பார்ப்பவர்கள் 39 வாரம் நிறைந்த பிறகு வரும் நாட்களில் பார்த்துக்கொள்ளட்டும். நட்சத்திரத்துக்காக 37வது வாரத்துக்கு இழுக்க வேண்டாம்.

மூன்றாவது வழி, திட்டமிட்ட சுகப்பிரசவம். இங்கே காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு குழப்பம் வரலாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரான்சில் சொந்தங்கள் உள்ள வீடுகள் ஏராளம். பாரிஸில் இருக்கும் அக்காவுக்குப் பிரீச் சுகப்பிரசவம் ஆகியிருக்கும், “எனக்கே ஆச்சு, நீ ஏன் ஆபரேஷனுக்குப் போறே?” என்று அவர் போனில் கேட்பார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 174 மருத்துவமனைகளில் 8,105 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட ‘பிரிமோடா’ ஆய்வில், இரு வழிகளுக்கும் குழந்தையின் பாதுகாப்பில் கணிசமான வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே இடுப்பெலும்பின் அளவு பெரும்பாலோருக்கு எடுக்கப்பட்டது. தலை நிமிர்ந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்கள். வலி நேரம் முழுதும் இதயத் துடிப்பைக் கண்காணித்தார்கள். பிரீச் பிரசவம் பார்ப்பது வழக்கமாக நீடித்த இடங்கள் அவை. சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்ட 2,526 பேரிலும் 29 சதவீதத்தினருக்குக் கடைசியில் சிசேரியன்தான் ஆனது. அக்காவின் அனுபவம் அந்த ஏற்பாடுகளுக்கு உரியது. ஏற்பாடுகள் இல்லாத இடத்துக்கு அதை இறக்குமதி செய்ய முடியாது. 2000க்குப் பிறகு படித்துவந்த டாக்டர்களில் பலர் பிரீச் பிரசவத்தைக் கைப்படப் பார்க்கும் வாய்ப்பே குறைவாகப் பெற்றவர்கள். “எனக்கு இதில் பழக்கமில்லை” என்று ஒரு டாக்டர் சொன்னால், அந்த நேர்மைக்கு நன்றி சொல்லி அவர் சொல்லும் வழியைக் கேளுங்கள்.

சிசேரியன் என்றாலே சந்தேகப்படும் மனநிலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. தேவையற்ற ஆபரேஷன்கள் நடக்கின்றன என்ற கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைப் பிரீச்சின்மேல் காட்டுவது நியாயமல்ல. ஆபரேஷனுக்குத் தெளிவான காரணம் உள்ள நிலைகளில் இது ஒன்று. காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் காலத்தில் எல்லாம் வீட்டிலேயே பிறக்கவில்லையா என்று கேட்பவர்கள் அவர்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். மிதிக்க இருப்பவர் பிழைத்தவர். பிழைக்காத குழந்தைகளை யாரும் எண்ணி வைக்கவில்லை.

ஆகவே 36வது வாரத்தில் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். எந்த வகைப் பிரீச்? குழந்தையின் எடை என்ன, நஞ்சு எங்கே? எனக்கு ஈ.சி.வி. பொருந்துமா, இங்கே செய்வார்களா, இல்லையென்றால் எங்கே? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயக்க மருந்து டாக்டரும் தியேட்டரும் ரத்தமும் குழந்தை டாக்டரும் இருப்பார்களா? குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தால் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வேறு ஊருக்குத்தான் போக வேண்டும் என்றால் வழியையும் இப்போதே யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் நாட்களிலும் சாலை நாம் நினைத்தபடி இருக்காது. அந்த நாட்களை ஒட்டித் தேதி இருந்தால், முன்கூட்டியே மருத்துவமனை அருகில் வந்து தங்குவது நல்லது.

பணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2011 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்படப் பிரசவம் இலவசம், மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் வண்டியும் இலவசம். 2016இல் தொடங்கிய பிரதமரின் கர்ப்பிணிப் பரிசோதனைத் திட்டத்தில் மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை டாக்டரே நேரில் பார்க்க வேண்டும். அன்று பழைய ஸ்கேன்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

பனிக்குடம் வீட்டிலேயே உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். “குழந்தை பிரீச்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளக் கூடாது, இழுக்கவும் கூடாது. கர்ப்பிணி முழங்காலிட்டு, மார்பைத் தரையோடு தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி இருக்கட்டும்.

பிறந்த பிறகும் ஒரு வேலை உண்டு. எந்த வழியில் பிறந்திருந்தாலும், கடைசி வாரங்களில் பிரீச்சாக இருந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுத்தால் எளிதில் சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கியபின் கண்டுபிடித்தால் ஆபரேஷன் வரை போகும்.

36வது வாரம் முடியும்போது கர்ப்பிணியின் கையேட்டில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: குழந்தை இருக்கும் நிலை, தேர்ந்தெடுத்த வழி, முன்கூட்டியே வலி வந்தால் போக வேண்டிய மருத்துவமனையின் பெயர். டாக்டர் எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். கர்ப்பிணி தயங்கினால் கூடப் போகும் அம்மாவோ கணவரோ கேட்க வேண்டும்.