படகை வரையும் படிப்பு

கேரளத்தில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டு ஏரியைக் கடக்கிறது 'ஆதித்யா'. இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு. 75 பேர் ஏறலாம். 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. இதை வடிவமைத்தது கொச்சியின் 'நவால்ட்' நிறுவனம். அதன் நிறுவனர் சந்தித் தண்டாசேரி, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் படிப்பான நேவல் ஆர்க்கிடெக்சர் படித்தவர்.

டீசல் படகின் கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்தினால் போதாதா? போதாது. வெயில் தரும் மின்சாரம் குறைவு. அதைக் கொண்டே ஓட வேண்டுமானால் படகு தண்ணீரை லேசாகக் கிழித்துச் செல்ல வேண்டும். ஆகவே ஆதித்யாவுக்கு ஒல்லியான இரண்டு அடிப்பகுதிகள். எடை குறைய, ஃபைபர் கட்டுமானம். இரண்டு அடிப்பகுதிகளுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் படகு அகலமாகிறது. தகடுகள் பரப்ப இடம் கிடைக்கிறது, பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தாலும் அதிகம் சாயாது. இப்படி ஒரு முடிவு இன்னொன்றை இழுத்துவரும் கணக்குதான் படகு வடிவமைப்பு.

அந்தக் கணக்கு சரிதானா என்று தண்ணீரிலேயே சோதிப்பார்கள். கட்டி முடித்த படகில் எடைக்கற்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். உள்ளே, கொத்தனார் பிடிப்பதுபோன்ற தூக்குக்குண்டு தொங்கும். அது எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளந்தால், படகின் எடைமையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மையம் மேலே போகப் போக, கவிழும் ஆபத்தும் கூடும்.

இந்த வேலைக்கு எந்தப் படிப்பில் சேருவது என்பதில்தான் பிளஸ் டூ முடித்தவர்கள் பலர் குழம்புகிறார்கள். மரைன் இன்ஜினியரிங் படித்தவர் கப்பலின் இயந்திரங்களை இயக்கிப் பராமரிப்பவர். ஆண்டில் பல மாதங்கள் அவருக்குக் கடலில் கழியும். படகை வரைய ஆசைப்படுபவர் சேர வேண்டியது நேவல் ஆர்க்கிடெக்சரில். விண்ணப்பிக்கும் முன்பே இந்த வேறுபாட்டை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது மிக அவசியம்.

கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இப்படிப்பு உண்டு, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். கொச்சி குசாட் பல்கலைக்கழகம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகத்துக்கு ஐ.எம்.யூ. சி.இ.டி. தேர்வு. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் கட்டாயம்.

வேலை பெரிய கப்பல்களைக் கட்டுவதில் மட்டுமில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகளைக் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டியது. வரைபடங்களைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் இந்தியக் கப்பல் பதிவகத்திலும் இந்தப் பொறியாளர்கள் பணியாற்றுகிறார்கள். சுனாமிக்குப் பின் தமிழகக் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளுக்கும் எரிபொருள் செலவைக் குறைக்கும் வடிவங்கள் தேவை. விடுமுறையில் அப்படிப்பட்ட படகுகளைக் கட்டும் ஒரு பட்டறையில் சில வாரங்கள் நின்று, கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறுவதைப் பார்த்த மாணவருக்கு, கல்லூரியில் வரையும் ஒவ்வொரு கோடும் கூடுதலாகப் புரியும்.