குதிக்கவே இல்லை... லண்டன் போலீஸின் தவறான தகவலும், அதை விசாரித்த அமைப்பே சறுக்கிய கதையும்!

‘கனமான ஜாக்கெட் போட்டிருந்தார். டிக்கெட் கேட்டைத் தாண்டிக் குதித்தார். போலீஸ் நிற்கச் சொல்லியும் ஓடினார்.’

2005 ஜூலை 22-ம் தேதி, லண்டன் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில் போலீஸ் சுட்டுக்கொன்ற இளைஞரைப் பற்றி உலகம் முழுக்கப் பரவிய செய்தி இது. மூன்றுமே தப்பு.

அவர் பெயர் ஜீன் சார்லஸ் டி மெனெஸஸ். பிரேசில் நாட்டு எலெக்ட்ரீஷியன், வயது 27. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் லண்டன் குண்டுவெடிப்புகளில் 52 பேர் இறந்திருந்தார்கள். முந்தைய நாள் வேறு குண்டுகள் வைக்கப்பட்டு, வெடிக்காமல் போயிருந்தன. அந்த நான்கு பேரைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ், இவரை அவர்களில் ஒருவர் என்று நினைத்துப் பின்தொடர்ந்தது. அவர் சாதாரண டெனிம் ஜாக்கெட்டில் வந்தார், இலவசப் பேப்பர் ஒன்றை எடுத்தார், பயண அட்டையைக் காட்டி உள்ளே போனார். கடைசியில் கொஞ்சம் ஓடினார்தான், ரயிலைப் பிடிக்க! சீட்டில் உட்கார்ந்தவரின் தலையில் 7 குண்டுகள்.

மறுநாளே, ‘அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமில்லை’ என்று போலீஸ் ஒப்புக்கொண்டது. ஆனால், ஜாக்கெட் கதையும் குதித்த கதையும் அப்படியே உலவிக்கொண்டிருந்தன.

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கவென்றே அங்கே ஒரு தன்னாட்சி ஆணையம் இருந்தது. சுருக்கமாக ஐ.பி.சி.சி. சம்பவம் நடந்த அன்றே, போலீஸ் கமிஷனர் இயான் பிளேர் உள்துறைக்குக் கடிதம் எழுதி, அந்த ஆணையத்தைத் தள்ளிவைக்கப் பார்த்தார். சில நாள்கள் இழுபறிக்குப் பிறகே வழக்கு அவர்கள் கைக்கு வந்தது. வந்த பிறகு? விசாரணை முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்துவிட்டார்கள். உண்மைக்குச் சாட்சியான ஆவணங்கள் அவர்களிடமே இருந்தன. ஊரெல்லாம் பொய் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 16-ம் தேதி, அந்த ஆவணங்கள் கசிந்து டி.வி-யில் வந்தன. அப்போதுதான் ‘அவர் குதிக்கவே இல்லை’ என்பது உலகத்துக்குத் தெரிந்தது. கசிவு தொடர்பாக ஆணையத்தின் ஊழியர் ஒருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். உண்மை வெளியே வந்ததற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்!

குடும்பம் விடவில்லை. ‘தவறான தகவலைப் பரப்பியது யார்?’ என்று தனியாகப் புகார் கொடுத்தது. சுட்டது பற்றி ஒரு விசாரணை, சொன்னது பற்றி இன்னொரு விசாரணை. இரண்டாவதன் அறிக்கை 2007 ஆகஸ்ட்டில் வந்தது. யார், எந்த நேரத்தில், யாரிடம், என்ன சொன்னார்கள் என்று அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். தீவிரவாதத் தடுப்புப் பிரிவின் உயரதிகாரி ஆண்டி ஹேமன், இறந்தவர் அந்த நால்வரில் ஒருவர் இல்லை என்று கருதப்படுவதாக அன்று மாலையே கிரைம் ரிப்போர்ட்டர்களிடம் சொல்லிவிட்டார். ஆனால், அதற்குப் பிறகும் ‘இன்னும் தெளிவாகத் தெரியவில்லை’ என்றே போலீஸ் அறிக்கை வெளியானது. ஹேமன் மக்களைத் தவறாக வழிநடத்தினார் என்றது ஆணையம். கமிஷனர் மீதான புகார் நிரூபணமாகவில்லை. காரணம், மறுநாள் காலைவரை அவரிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவே இல்லையாம்.

இதோடு முடிந்திருந்தால் ஆணையத்துக்குப் பெருமை. ஆனால், 2011 ஆகஸ்ட் 4-ம் தேதி, லண்டன் டாட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்ற 29 வயது இளைஞரை போலீஸ் சுட்டது. இந்த முறை ஆணையம் மௌனம் காக்கவில்லை. இரு தரப்பும் சுட்டுக்கொண்டதாகச் செய்தியாளர்கள் புரிந்துகொள்ளும்படி பேசிவிட்டது. போலீஸ்காரர் ஒருவரின் வாக்கி டாக்கியில் ஒரு குண்டு சிக்கியிருந்தது. பரிசோதித்தால், அது போலீஸ் துப்பாக்கிக் குண்டு! டக்கன் தரப்பிலிருந்து யாரும் சுட்டதற்கு ஆதாரமே இல்லை.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிற எனக்கு இதைப் படிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. அதிகாரபூர்வ அமைப்பே சொன்னால், ‘பிரேக்கிங்’ போடாமல் இருப்போமா?

டக்கன் குடும்பத்துக்கு முறையாகத் தகவல்கூடச் சொல்லப்படவில்லை. 6-ம் தேதி அவர்கள் காவல் நிலையம் முன்பு கூடினார்கள். அன்றிரவு வெடித்த கலவரம் மற்ற நகரங்களுக்கும் பரவி, 5 உயிர்கள் போயின. செய்தியாளர்களைத் தவறாக நினைக்க வைத்திருக்கலாம் என்று ஆணையம் ஒப்புக்கொண்டது ஆகஸ்ட் 12-ம் தேதி. அதற்குள் தெருக்கள் அடங்கிப்போயிருந்தன.