ஆடு வாங்காத பெருநாள்!

"என்ன பாய், மாலை போட்டிருக்கீங்களா?"

கேட்டவர் எங்கள் ஆபீஸ் பக்கத்து சீட் நண்பர். தினமும் மழமழவென்று ஷேவ் பண்ணிக்கொண்டு வருகிற என் முகத்தில் நாலு நாள் முள்தாடியைப் பார்த்ததும் அவருக்கு சபரிமலை ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் மண்டையைப் பிளக்கிற கோடை வெயிலில்!

விஷயம் இதுதான். துல்ஹஜ் மாதம் பிறந்துவிட்டால், குர்பானி கொடுக்க நினைத்திருப்பவர்கள் ஆட்டை அறுக்கிற வரைக்கும் முடி வெட்ட மாட்டார்கள், நகம் வெட்ட மாட்டார்கள். நபிவழி. பத்தாம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள். நீங்கள் பக்ரீத் என்று சொல்வீர்களே, அதுதான். ஆக, பத்து நாள் தாடி. என்னைப் போல தினமும் ஷேவ் செய்கிற ஆசாமி குர்பானி கொடுக்கிறானா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

2025-ல் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமை. மே கடைசியில் மாதம் பிறந்ததும் வழக்கம்போல ரேஸரை ஓரங்கட்டினேன். அதற்குப் பிறகுதான் பாங்க் கணக்கைப் பார்த்தேன். பகீரென்றது. தங்கச்சி கல்யாணக் கடன் மாதாமாதம் என் சம்பளத்தை மேய்ந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கு மிச்சமே இல்லை.

ஆட்டு வியாபாரி பதினெட்டாயிரம் சொன்னார்.

"கொஞ்சம் சின்னதா இருந்தா..." என்று இழுத்தேன்.

"இருக்கு பாய். ஆனா வயசு பத்தாது. பரவாயில்லையா?"

பரவாயில்லையாவது! வெள்ளாடு என்றால் எங்கள் வழக்கப்படி ஒரு வயசு நிறைந்திருக்க வேண்டும். மாட்டுக்கு இரண்டு, ஒட்டகத்துக்கு ஐந்து. மாட்டையும் ஒட்டகத்தையும் ஏழு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆடு ஒருத்தருக்கு ஒன்றுதான். கண் போனது, நொண்டுவது, நோய் வந்தது, எலும்பும் தோலுமாய் நிற்பது - எதுவும் செல்லாது. வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதை ஆண்டவன் கணக்கில் எழுதுகிற வேலை இங்கே நடக்காது.

மறுநாள் ஆபீஸ் சொஸைட்டியில் லோன் ஃபாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"ஆடு வாங்க."

"கடன் வாங்கியா?"

"பின்னே? அத்தா காலத்துலேர்ந்து ஒரு வருஷம்கூட நம்ம வீட்ல விட்டதில்லே. நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அவள் பதில் பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசின.

அத்தா காலம் என்றேனே... அப்போதெல்லாம் பெருநாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே ஆடு வந்துவிடும். கொல்லையில் கட்டி, தழை ஒடித்துப் போட்டு வளர்ப்பது என் டிபார்ட்மெண்ட். ஒரு வருஷம் என் பூகோள நோட்டை அட்டையோடு தின்றுவிட்டது. நானும் அதுவும் அவ்வளவு நெருக்கம்! பெருநாளன்று தொழுகை முடிந்து வந்து அதை அவிழ்த்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். அத்தா அதட்டவில்லை.

"அழுடா. வலிக்காமக் கொடுத்தா அதுக்குப் பேரு குர்பானி இல்லே" என்றார்.

கத்தியை ஆட்டின் கண்ணில் படாமல் தீட்டவேண்டும், ஓர் ஆட்டின் எதிரில் இன்னோர் ஆட்டை அறுக்கக்கூடாது என்பதெல்லாம் அன்றைக்கு அவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். தள்ளாத வயசில் பிறந்த மகன். அவனையே பலியிடும்படி இப்ராஹீம் நபிக்குக் கனவு. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை அவர். 'இப்படிக் கனவு கண்டேன், நீ என்ன சொல்றே?' என்று மகனிடமே கேட்கிறார். மகனும் சம்மதிக்கிறான். கடைசி நிமிஷத்தில் ஆண்டவன் தடுத்து, பதிலுக்கு வேறு பலியைக் கொடுக்கிறான். அது ஓர் ஆட்டுக்கிடா என்பார்கள். குர்ஆன் அந்த மகனின் பெயரைச் சொல்லவில்லை. இஸ்மாயீல் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. பைபிளில் ஈசாக்.

மறுபடியும் ஆபீஸுக்கு வருவோம். மத்தியானச் சாப்பாட்டில் நண்பர் ஆரம்பித்தார்.

"எங்க ஊர் கருப்பசாமிக்கு நாங்களும் கிடா வெட்டறோம் பாய். வேண்டுதல் பலிச்சா சாமிக்குப் படைக்கிறோம். நீங்க அல்லாவுக்கு எதைப் படைக்கிறீங்க?"

"எதையும் படைக்கிறதில்லே சார்" என்றேன்.

அவருக்குப் புரையேறியது.

குர்ஆனின் 22-வது அத்தியாயத்தில் இது பளிச்சென்று இருக்கிறது. கறியும் ரத்தமும் இறைவனைப் போய்ச் சேர்வதில்லை, சேர்வது உள்ளத்தில் இருக்கிற இறையச்சம்தான் என்பது சாரம். கறியை மூன்று பங்கு வைப்பது நல்ல வழக்கம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தபந்தம், சிநேகிதர்களுக்கு, ஒன்று ஏழைகளுக்கு. அறுத்துக் கொடுப்பவருக்குக் கூலியாகக் கறியையோ தோலையோ தரக்கூடாது. கூலி தனிக்காசு. தோலை விற்றால் அந்தப் பணம் தர்மத்துக்கு. நம் பாக்கெட்டுக்கு வரக்கூடாது.

எல்லாவற்றையும் விளாவாரியாகச் சொல்லி முடித்தேன். நண்பர் என் மேஜை மேல் கிடந்த ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி பாய். இறையச்சத்துக்கு எதுக்கு சொஸைட்டி லோன்?"

எனக்குப் புரையேறியது.

அன்று ராத்திரி தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் நேரடியாகவே வந்தார்.

"தம்பி, உங்க மேல கடமையா இல்லையான்னு முதல்ல கணக்குப் போடுங்க."

நாங்கள் ஹனஃபி மத்ஹப். அதன்படி அவசியத் தேவையும் கடனும் போக, சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்பு கையில் இருப்பவர் மீதுதான் குர்பானி கடமை. கடற்கரை ஊர்களில் நிறையப் பேர் ஷாஃபி மத்ஹப். அவர்களுக்கு இது வலியுறுத்திச் சொல்லப்பட்ட சுன்னத், கட்டாயக் கடமை இல்லை. காகிதத்தில் கூட்டிக் கழித்தேன். மைனஸில் நின்றது!

"வீட்டம்மா நகை?" என்றார் ஹஜ்ரத். மனைவியின் நகைக்குத் தனிக் கணக்கு, அவள் மீது தனிக் கடமை.

"அது தங்கச்சி கழுத்துல இருக்கு ஹஜ்ரத்."

சிரித்துவிட்டார். "அப்ப ரெண்டு பேர் மேலயும் இல்லே. நபிகள் ரெண்டு கிடா அறுத்தாங்கன்னு ஹதீஸ்ல வருது. ஒண்ணு தனக்கும் குடும்பத்துக்கும். இன்னொண்ணு தன் சமுதாயத்துல கொடுக்க முடியாதவங்களுக்கு. உங்க கணக்கு அதுல அப்பவே வந்துடுச்சு தம்பி."

பேப்பரில் படித்த மொராக்கோ சமாசாரம் எனக்கு ஞாபகம் வந்தது. வருஷக்கணக்கான வறட்சியில் அங்கே ஆடுமாடுகள் 38 சதவீதம் குறைந்துபோக, 2025 பிப்ரவரியில் மன்னர் ஆறாம் முகம்மது, 'இந்த வருஷம் குர்பானி கொடுக்க வேண்டாம், மக்கள் சார்பில் நானே கொடுக்கிறேன்' என்று கேட்டுக்கொண்டார். 1996-லும் வறட்சியால் அவருடைய அப்பா மன்னர் ஹசன் இப்படித்தான் சொன்னார். ஒரு தேசமே ஆடு வாங்காமல் பெருநாள் கொண்டாடலாம். என் ஒருத்தனுக்கு மட்டும் சொஸைட்டி லோனா?

மறுநாள் காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அது வலித்தது. கன்னத்தில் இல்லை. பெருநாள் தொழுகையில் எல்லாரும் என் மொழுமொழு முகத்தையே பார்ப்பார்கள் என்று பயந்து கடைசி வரிசையில் நின்றேன். ஒரு மனுஷர்கூடப் பார்க்கவில்லை. கட்டிப்பிடித்து முபாரக் சொல்லிவிட்டு அவரவர் ஆட்டைப் பார்க்க ஓடினார்கள்.

பதினொரு மணிக்குக் காலிங்பெல். எதிர்வீட்டுப் பையன். "அத்தா கொடுத்தாங்க" என்று கறிப்பையை நீட்டினான்.

எனக்குக் கை நீளவில்லை. ஒவ்வொரு வருஷமும் இதே மாதிரி பையோடு படியேறி இறங்கியவன் நான். வாங்கிக்கொண்டவர்கள் மனசு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று.

மனைவி வந்து வாங்கிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டுப் பை சேர்ந்துவிட்டது.

"இதெல்லாம் சிநேகிதர் பங்கா, ஏழைப் பங்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எந்தப் பங்கா இருந்தா என்ன? பூண்டை உரிங்க" என்றாள். பிரியாணிக்கு மளிகை லிஸ்ட் எழுதியிருந்தாள். லோன் ஃபாரத்தின் பின்பக்கத்தில்!

திங்கட்கிழமை நண்பருக்கும் டிபன் கேரியரில் பிரியாணி கொண்டுபோனேன்.

"யார் வீட்டு ஆடு பாய்?" என்றார் ஒரு வாய் போட்டுக்கொண்டே.

"மூணு வீட்டு ஆடு சார்."

ரசித்து மென்றார். "அப்படியா? ருசியில ஒரே வீடு மாதிரிதான் இருக்கு!"