எல்லாம் இருக்கிறது, இடம்தான் இல்லை

சாஃப்ட்வேர் அப்டேட் முடிந்ததும் டேப்லெட் நிரம்பி வழிகிறது. அவசரத்தில் பலர் கைவைப்பது குப்பையில் அல்ல, குடும்பப் படங்களில்.

வீடு மும்பை மாட்டுங்காவில் இருக்கலாம், தில்லி கரோல் பாகிலும் இருக்கலாம். இரவுச் சாப்பாடு முடிந்து டேப்லெட்டைக் கையில் எடுக்கிறார் ஓய்வுபெற்ற தாத்தா. முந்தின நாள் 'அப்டேட் செய்யலாமா?' என்று கேட்டது. சரி என்று தொட்டார். காலையில் திரை புத்தம் புதிதாக இருந்தது. இப்போது பேத்தியை வீடியோவில் பார்க்கலாம் என்று எடுத்தால் ஓர் எச்சரிக்கை: சேமிப்பு இடம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. எதை நீக்குவது? கண்ணில் படுவது படங்கள்தான். நூறு, இருநூறு, ஐந்நூறு என்று தேர்ந்தெடுத்து அழிக்கிறார். மறுநாள் பெங்களூரிலிருந்து மகள் பதறிப்போய்க் கூப்பிடுகிறாள். அவள் போனில் குழந்தையின் முதல் வருடப் படங்கள் ஒன்றுகூட இல்லை.

திருட்டுமல்ல, வைரஸுமல்ல. அப்பாவுக்கு டேப்லெட் வாங்கித் தந்தபோது அவருக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்க நேரமில்லை. தன்னுடைய கூகுள் கணக்கையே போட்டுக் கொடுத்துவிட்டாள் மகள். கருவி அப்பாவிடம், கணக்கு மகளிடம். கூகுள் போட்டோஸில் ஓரிடத்தில் ஒரு படத்தை அழித்தால், அந்தக் கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் அது மறையும். ஆப்பிளின் ஐகிளவுடிலும் இதே விதிதான். காட்சி கற்பனைதான். ஆனால் இதில் வரும் எந்தப் படியும் கற்பனை அல்ல.

இட நெருக்கடி இந்தியாவுக்குப் புதிதல்ல. ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் இந்தியர்களில் மூன்றில் ஒருவருக்கு தினமும் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவிலோ பத்தில் ஒருவருக்குத்தான் என்று சேமிப்புக் கருவிகள் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் கண்டறிந்ததாக 2018-ல் செய்தி வந்தது. முக்கியக் குற்றவாளி எது தெரியுமா? ரோஜாப்பூவும் சூரியோதயமுமாக விடியற்காலையில் வந்து குவியும் 'குட் மார்னிங்' படங்கள். அவற்றைக் களையவும் உதவும் ஃபைல்ஸ் கோ என்ற செயலியை கூகுள் 2017 டிசம்பரில் வெளியிட்டது. இன்று ஃபைல்ஸ் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

பெட்டியில் ஒரு கணக்கு, உள்ளே ஒரு கணக்கு

டேப்லெட் பெட்டியின் மீது 32 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும். வாங்குபவருக்கு அது முழுசாகக் கிடைப்பதில்லை. தயாரிப்பாளர்கள் 1,000 என்ற மடங்கில் எண்ணுகிறார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரோ 1,024 என்ற மடங்கில் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 32 என்பது 29.8 ஆகிவிடுகிறது. இது வெறும் அளவுகோல் வித்தியாசம். உண்மையான பங்கு போடுவது ஆப்பரேட்டிங் சிஸ்டமும், கம்பெனி முன்கூட்டியே ஏற்றி அனுப்பும் செயலிகளும்தான். மீதிதான் உரிமையாளருக்கு. ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் அந்த மீதியில் இன்னும் கொஞ்சம் கேட்கிறது.

இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2010-ல் வந்த முதல் ஐபேடின் குறைந்தபட்ச அளவு 16 ஜி.பி. 2014-ல் ஐஓஎஸ் 8 வந்தபோது, அதை நிறுவ சுமார் 4.6 ஜி.பி. காலியிடம் தேவைப்பட்டது. 16 ஜி.பி. கருவி வைத்திருந்தவர்கள் படங்களையும் பாட்டுகளையும் அழித்துவிட்டு அப்டேட் செய்ய வேண்டிய நிலை. விளம்பரம் செய்த இடத்தில் 23 சதவிகிதம் வரை வாங்கியவருக்குக் கிடைப்பதில்லை என்று அந்த ஆண்டின் கடைசி நாட்களில் கலிஃபோர்னியாவில் ஆப்பிள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 9-க்கு 1.3 ஜி.பி. போதும் என்று ஆப்பிள் அறிவித்தது. குறைந்தபட்ச அளவும் ஏறியது. 2016-ல் 32, 2021-ல் 64, 2025-ல் 128.

ஆனால் எல்லோரும் புதியதை வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. 2011 அக்டோபரில் தில்லியில் அறிமுகமான ஆகாஷ் டேப்லெட்டின் உள் சேமிப்பு வெறும் 2 ஜி.பி. 2022-ல் ஹரியானாவும் ஆந்திரமும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் டேப்லெட் வழங்கின. இந்திய வீடுகளில் டேப்லெட் ஒருவர் சொத்தல்ல. காலையில் பையனின் பாடம், மதியம் பாட்டியின் சீரியல், இரவு தாத்தாவின் வீடியோ கால். எல்லோருடைய மூட்டையும் ஒரே அலமாரியில்.

கூடத்தில் அடுக்கிய சாமான்

அப்டேட் எப்படி இடத்தைத் தின்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் தணியும். வெள்ளையடிக்கும்போது அறைச் சாமான்களைக் கூடத்தில் அடுக்குகிறோம். இரண்டு நாளைக்கு நடக்க வழியிருக்காது. வேலை முடிந்ததும் கூடம் திரும்பக் கிடைக்கும். அப்டேட்டும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதலில் அப்டேட் கோப்பு இறங்குகிறது. பிறகு அது பிரிக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடம் வேண்டும். 2016-ல் வந்த ஆண்ட்ராய்ட் 7 ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிஸ்டம் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் மற்றொன்றில் புதியது எழுதப்படும். புதியது சரியாகத் துவங்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம். பாதுகாப்பான முறை, ஆனால் இடத்தை அடைக்கும் முறை. 2020-ல் ஆண்ட்ராய்ட் 11 இதைச் சிக்கனமாக்கியது. மாற்றங்களை மட்டும் தற்காலிகமாக எழுதி வைக்கிறது. ஒதுக்கிய இடம் போதாவிட்டால் உரிமையாளரின் பகுதியிலிருந்து கடன் வாங்குகிறது. மறுபடி துவங்கி, புதியது பழையதோடு இணைந்த பிறகு கடனைத் திருப்பித் தருகிறது.

அதற்குப் பிறகும் உள்ளே வேலை நடக்கிறது. செயலிகள் புது சிஸ்டத்துக்கு ஏற்பத் தயாராகின்றன. படங்களைத் தேடுவதற்கான அட்டவணை மறுபடி போடப்படுகிறது. ஐபேடின் பட்டியலில் 'சிஸ்டம் டேட்டா' என்று ஒரு பகுதி உண்டு. அப்டேட்டுக்குப் பின் அது வீங்கிக் காணப்படுவதும், பிறகு வற்றுவதும் வழக்கம்.

ஆகவே முதல் வைத்தியம் எதையும் அழிக்காமல் இருப்பதுதான். டேப்லெட்டை ஒருமுறை அணைத்துத் துவக்கி, இரவு முழுவதும் சார்ஜரிலும் வைஃபையிலும் விட்டுவைக்கலாம். ஓரிரு நாள் கழித்தும் இடம் திரும்பாவிட்டால் மட்டுமே துடைப்பத்தை எடுக்க வேண்டும்.

பெரியது முதலில், அரியது கடைசியில்

துடைப்பதற்கு முன் பட்டியலைப் பார்ப்பது அவசியம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் சென்று ஸ்டோரேஜ். சில கம்பெனி மாடல்களில் இது வேறொரு தலைப்பின் கீழ் இருக்கும். ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், பிறகு ஐபேட் ஸ்டோரேஜ். எந்தச் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று இறங்குவரிசையில் தெரியும். ஐபேடில் இறக்கிவைத்து நிறுவாமல் விட்ட அப்டேட் கோப்பும் இங்கே தலைகாட்டும். அதை நீக்கலாம், தேவைப்படும்போது மறுபடி இறக்கலாம்.

அடுத்து, பிறகு பார்க்கலாம் என்று இறக்கி வைத்த சினிமா, சீரியல், பாட வீடியோ. இவற்றை அந்தந்தச் செயலிக்குள் சென்றுதான் நீக்க வேண்டும். கேலரியில் தேடினால் கிடைக்காது. கணக்கு எளிது. ஒரு போட்டோ 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் 1 ஜி.பி.யில் முந்நூறுக்கும் மேல் அடங்கும். பார்த்து முடித்த ஒரு சினிமாவை நீக்கினால் முந்நூறு படங்கள் பிழைக்கும்.

மூன்றாவது வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்.பி.க்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்ட் ஆனவை என்று அதுவே பிரித்துக் காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு உரையாடலை மொத்தமாகத் துடைத்துவிடக் கூடாது. காலமான அம்மா எப்போதோ அனுப்பிய ஒரு நிமிடக் குரல் பதிவு சில நூறு கிலோபைட்டுக்கு மேல் போகாது. அதை அழித்து மிச்சமாகும் இடத்தில் ஒரு போட்டோகூட நிற்காது. நெருக்கடிக்குக் காரணம் இத்தகைய சின்னவை அல்ல. யாரோ யாருக்கோ அனுப்பி, பிறகு எல்லோருக்கும் வந்த பெரிய வீடியோக்கள். மீடியா தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் மீண்டும் குவியாது.

நான்காவது, ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியிலும் இருக்கும் இரண்டு பொத்தான்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் குணத்தில் எதிரிகள். 'கிளியர் கேஷ்' என்பது செயலி தன் வசதிக்காகச் சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளை மட்டும் அகற்றும். நஷ்டமில்லை. 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பது செயலியைப் பிறந்த நாளுக்கே கொண்டுபோய்விடும். கணக்கு விவரம், அதற்குள் சேமித்தவை எல்லாம் போகும்.

செயலியை வைத்துக்கொள்ளவும் மனமில்லை, இழக்கவும் மனமில்லை என்றால் நடுவழி உண்டு. ஐபேடில் 2017 முதல் 'ஆஃப்லோட்' வசதி இருக்கிறது. செயலி போகும், அதன் தகவல்கள் தங்கும். ஆண்ட்ராய்டில் இதற்குப் பெயர் 'ஆர்க்கைவ்'. 2023-ல் பிளே ஸ்டோர் இதைக் கொண்டுவந்தது. ஒரு செயலியின் இடத்தில் 60 சதவிகிதம் வரை இதனால் மிச்சமாகலாம் என்பது கூகுளின் கணக்கு. நீக்கவே முடியாதபடி கம்பெனி ஏற்றி அனுப்பிய செயலிகளை முடக்கி, அவற்றுக்கு வந்த அப்டேட்களை அகற்றினாலும் கொஞ்சம் தேறும்.

படங்களின் முறை கடைசியில்தான் வர வேண்டும். அதற்கும் முன்னால் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி. கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதும் 'டெலிட்' என்பதும் ஒன்றல்ல. முன்னது கணக்கில் ஏற்கனவே பத்திரமாக ஏறிவிட்ட படங்களின் பிரதியைக் கருவியிலிருந்து மட்டும் எடுக்கும். பின்னது எங்குமே இல்லாமல் செய்யும். ஐபேடில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு அளவுப் படம் ஐகிளவுடிலும் சிறு பிரதி கருவியிலும் இருக்கும். ஆனால் படம் உண்மையிலேயே மேலே ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுளின் இலவச இடம் 15 ஜி.பி. 2021 ஜூன் முதல் புதிதாக ஏறும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேருகின்றன. மெயிலுக்கும் அதே இடம்தான். ஐகிளவுடின் இலவச அளவு 5 ஜி.பி. அது நிறைந்திருந்தால் படங்கள் ஏறுவது எப்போதோ நின்றுபோயிருக்கும், உரிமையாளர் கவனித்திருக்க மாட்டார்.

அப்டேட்டே வேண்டாமா?

இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதே டேப்லெட்டில்தான் வங்கிச் செயலியும் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அப்டேட்டில் வருவது புது ஐகான்கள் மட்டுமல்ல. கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வேலையும் அதில்தான் நடக்கிறது. ஓட்டை இருப்பது ஊருக்குத் தெரிந்த பிறகும் அடைக்காமல் இருப்பது கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

ஐபேடில் இடமே இல்லையென்றால் கம்ப்யூட்டருடன் இணைத்து அப்டேட் செய்யலாம். கோப்பு கம்ப்யூட்டரில் இறங்குவதால் கருவியில் குறைந்த இடம் போதும். மெமரி கார்டு போடும் வசதியுள்ள டேப்லெட்களில் படங்களையும் வீடியோக்களையும் கார்டுக்கு மாற்றலாம். சிஸ்டத்தை மாற்ற முடியாது. எல்லாவற்றையும் துடைத்து ஃபேக்டரி ரீசெட் செய்தால் பழைய சாஃப்ட்வேர் திரும்பும் என்று நினைப்பது தவறு. புது சாஃப்ட்வேர் அப்படியே இருக்கும், போவது சொந்தத் தகவல்கள்தான். 'உங்கள் டேப் நிரம்பிவிட்டது, உடனே சுத்தம் செய்யுங்கள்' என்று விளம்பரத்தில் கூவும் செயலிகளையும் தவிர்ப்பது நல்லது. அவையும் வந்து உட்கார இடம் கேட்கும்.

பெங்களூர் மகளின் படங்கள் என்னவாகும்? அவள் நிதானமாக இருந்தால் திரும்பக் கிடைக்கும். கூகுள் போட்டோஸில் கணக்கில் ஏறியிருந்த படங்கள் அழித்த பிறகும் 60 நாட்கள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். ஏறாதவை 30 நாட்கள். ஆப்பிளிலும் 'ரீசன்ட்லி டெலிடட்' பகுதியில் 30 நாட்கள் இருக்கும். திறந்து, தேர்ந்தெடுத்து, மீட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் படங்களை அழித்தும் இடம் பெரிதாகக் கூடவில்லையே என்று தாத்தா அந்தத் தொட்டியையும் காலி செய்திருந்தால், பிறகு மீட்க வழியில்லை. அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: டேப்லெட்டில் யாருடைய கணக்கு இருக்கிறது என்று பார்த்து, தாத்தாவுக்கு அவர் பெயரிலேயே ஒன்று தொடங்கிக் கொடுப்பது. பத்து நிமிட வேலை.

அந்த டேப்லெட்டில் தாத்தா தொடாமல் விட்டவை இன்னும் பத்திரமாக இருக்கின்றன: போன தீபாவளிக்கு இறக்கிய இரண்டு சினிமாக்களும், சில நூறு ரோஜாப்பூக்களும்.