கண்ணில் பட்ட எச்சரிக்கை ஏன் கருத்தில் படவில்லை?

அலுவலகக் கணினியில் யாரோ மறைச்சொல்லைத் தவறாகத் தட்டினால் அது பெரிய விஷயமல்ல. மறதி எல்லாருக்கும் உண்டு. ஆனால் எந்தக் கணக்கு, எந்தக் கணினி, எந்த நேரம், எந்தத் தகவலைத் தேடியது என்று சேர்த்துப் பார்த்தால், அதே தவறு ஊடுருவலின் அறிகுறியாகத் தெரியலாம். இணையப் பாதுகாப்பில் இதைப் பின்னணித் தகவல் என்கிறார்கள்.

சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தில் 2018இல் நடந்த தாக்குதல் இதற்குச் சான்று. ஜூன் 11ஆம் தேதியே நோயாளிகளின் தரவுத்தளத்தில் நுழைய யாரோ முயன்று தோற்றதை ஊழியர்கள் கவனித்தனர். அடுத்த நாள்களிலும் முயற்சி தொடர்ந்தது. ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி போன்றவை களவுபோயின. அவர்களில் ஏறக்குறைய 160,000 பேரின் மருந்து விவரங்களும் திருடப்பட்டன.

ஊழியர்களுக்குப் போதிய விழிப்புணர்வும் பயிற்சியும் இல்லாததால் அறிகுறிகளின் தீவிரம் புரியவில்லை என்று 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை கூறியது.

இரவு இரண்டு மணிக்கு இரவுப்பணித் தாதி நோயாளியின் பதிவைத் திறப்பது இயல்பு. விடுப்பில் இருக்கும் கணக்கரின் பெயரில் அதே பதிவு திறக்கப்பட்டால் விசாரிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை மென்பொருள் தானாக அறியாது. பணி அட்டவணை, விடுப்பு, வேலையை விட்டவர்கள் பற்றிய விவரம் பாதுகாப்புப் பிரிவுக்கு உடனுக்குடன் போய்ச்சேர வேண்டும். வழக்கத்துக்கு மாறாக எதையேனும் கண்ட ஊழியரும் அன்றே சொல்லிவிட வேண்டும்.