அடைக்கோழிப் பாறையின் அடியில்

போன வாரம் வடகிழக்குப் பிரேசிலின் காட்டிங்காக் காட்டில் இலையுதிர்ந்து வெளிறிப்போன மரங்களுக்கிடையே நின்றோம். இந்த வாரம் அங்கேயே கொஞ்சம் கீழே, அணைச் சேற்றுக்குள் இறங்குவோம்.

சியாரா மாநிலத்தில் கிஷாடா என்றொரு ஊர். ஊருக்கு வெளியே செட்ரோ அணை. பக்கத்தில் ஒரு கல்குன்று, அசப்பில் அடைகாக்கும் கோழி. ஊர்க்காரர்கள் அதை அடைக்கோழிப் பாறை என்றே சொல்கிறார்கள். 1877 முதல் 1879 வரை லட்சக்கணக்கானோரைத் தின்ற பஞ்சத்தின் விளைவாகத் திட்டமிட்ட அணை இது. கட்டி முடிந்தது 1906இல். நிவாரணம் வந்து சேர 27 வருஷம்!

அதன் அடிச்சேற்றில் ஒரு கரண்டி எடுத்து மெல்லிய சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு சந்தையே தெரியும். மொச்சைக்கொட்டை வடிவில் இரட்டை ஓடு மூடிய ஆஸ்ட்ரகாட். சுண்டிச் சுண்டி நெளியும் உருளைப்புழு. தலைமயிர் அசைவில் சக்கரம் சுற்றுவதாகக் கண்ணை ஏமாற்றும் ரோட்டிஃபர். கூடவே, மீன்தொட்டிக்காரர்களுக்குப் பழக்கமான ரத்தப்புழு. கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் பிள்ளை.

சேறு காய்கிற அன்றுதான் இவற்றுக்குச் சாவு என்று நினைத்திருந்தேன். துன்பம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்யும் பூமியில் வெயில் உறிஞ்சுவதோ 2,000 மில்லிமீட்டர் அளவில். தண்ணீர் போகும், உப்பும் உரச்சத்தும் போகாது. குழம்பு சுண்டச் சுண்டக் கரிக்கிற கதைதான். நீலப்பச்சைப் பாசி பொங்கும். அது செத்து அடியில் அழுகும்போது அங்கிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் தீரும். தாங்காதவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ரத்தப்புழு தாங்கும், நம்மைப் போலவே அதற்கும் ஹீமோகுளோபின் உண்டு, சிவப்பு நிறமே அதனால்தான். தலையை எண்ணினால் சேறு நிறைந்திருப்பதாகத் தோன்றும். வகையை எண்ணினால்தான் இழப்பு தெரியும். என்னைக் கேட்டால், வற்றிப்போவதைவிட வற்றிக்கொண்டே இருப்பது கொடியது.

ஏனென்றால் முழுசாகக் காய்வதற்கு இவற்றில் பலவும் தயார். ரோட்டிஃபரில் ஒரு வகை, தலையையும் காலையும் உள்ளிழுத்துப் பீப்பாய் மாதிரி சுருங்கி, உடம்பு நீரை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிடும். சைபீரிய உறைமண்ணில் 24,000 ஆண்டு கிடந்த ரோட்டிஃபர் மறுபடி நடமாடியதை 2021இல் ரஷ்ய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது குளிரில் உறைந்த கதை, செட்ரோ வெயிலோடு ஒப்பிடக் கூடாது.

ஆஸ்ட்ரகாட் தான் செத்து முட்டையைக் காப்பாற்றும். மழை வந்ததும் எல்லா முட்டையும் பொரிந்துவிடாது. ஒரு பங்கு அடுத்த மழைக்கு, இன்னொரு பங்கு அதற்கும் அடுத்ததற்கு. முதல் மழையை நம்பி விதைநெல் மொத்தத்தையும் இறைக்காத சம்சாரி மாதிரி.

வறட்சி வருஷக்கணக்கில் நீண்டால் அந்தச் சேமிப்பும் கரையும். வெடித்த தரையின் மேல்மண்ணைக் காற்று அள்ளும், மாடு மிதிக்கும். நீர் விலகிய ஈரத்தில் மக்கள் மக்காச்சோளமும் பயறும் போடுவார்கள். பசித்தவனிடம் போய் முட்டை நசுங்குகிறது என்று சொல்ல முடியுமா?

மழை திரும்பினால் முதலில் கண் விழிப்பது ரோட்டிஃபர். முட்டையிலிருந்து வரும் ஆஸ்ட்ரகாட்டுக்குக் கொஞ்சம் நாளாகும். ரத்தப்புழுவின் தாயோ பெரும்பாலும் வேறொரு நீர்நிலையிலிருந்து பறந்து வந்து முட்டையிட வேண்டும். 2012இல் தொடங்கிய வறட்சியில் அந்த வேறொரு நீர்நிலையைத் தேடுவதே பெரும்பாடாக இருந்திருக்கும். மாநிலத்திலேயே பெரிய கஸ்தான்யாவோ அணையில்கூட 2017இல் கொள்ளளவில் 5 சதவீதம் தண்ணீர் இல்லை.

(தொடரும்)