வால்யூம் ஏறினால் பாட்டு ஏன் உடைகிறது?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஸ்டீரியோ விற்கும் கடைகளில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், பெரும்பாலானவற்றின் மேல் ஒரே எண் கண்ணில் படும்: 50 வாட் × 4. விலை மாறும், கம்பெனி மாறும், திரையின் அளவு மாறும். இந்த எண் மட்டும் அதிகம் அசைவதில்லை.

காரணம் காரின் மின்சாரம். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது ஏறத்தாழ 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். 14.4-ஐ அதே எண்ணால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84 வருகிறது. பெட்டியில் இருக்கும் 50 வாட் பிறந்த இடம் இதுதான். ஆனால், கையில் இருக்கும் முழு வோல்டேஜையும் ஸ்டீரியோ இடைவிடாமல் ஸ்பீக்கருக்குள் திணித்துக்கொண்டே இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை, மூலைகள் கொண்ட சதுரமாகிவிட வேண்டும். அப்படி ஆகிவிட்டால் வெளியே வருவது பாட்டாக இருக்காது. சுத்தமான வளைந்த அலைக்கு இதே 14.4 வோல்ட் கொடுக்கக்கூடியது அதில் சரிபாதி, கிட்டத்தட்ட 26 வாட். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றிரண்டு வோல்ட்டைப் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு ஸ்பீக்கருக்கு மிஞ்சுவது 18 முதல் 20 வாட்.

சிப் செய்பவர்கள் இதை மறைப்பதில்லை. கார் ஸ்டீரியோக்களில் பரவலாகப் புழங்கும் டி.டி.ஏ. 7388 சிப்பின் விவரத்தாளில் ‘அதிகபட்சம் 45 வாட்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதே தாளில், 14.4 வோல்ட்டில் 10 சதவீதம் ஒலி சிதைவதை ஒப்புக்கொண்டால் 26 வாட் என்று இன்னொரு வரியும் இருக்கிறது. பெட்டியின் மேல் ஏறுவது முதல் வரி. அமெரிக்க மின்னணுப் பொருள் தயாரிப்பாளர் சங்கம் 2003-இல் சி.இ.ஏ. 2006 என்ற தர அளவைக் கொண்டுவந்தது இந்தக் குழப்பத்துக்காகத்தான். 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது என்ற நிபந்தனைகளோடு அளந்தால் பல ‘50 வாட்’ ஸ்டீரியோக்கள் இருபதைக்கூடத் தொடுவதில்லை.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், பாதி வால்யூமில் இனிமையாகப் பாடும் ஸ்டீரியோ முக்கால் தாண்டியதும் கரகரப்பது ஏன் என்பது விளங்கும். ஆம்ப்ளிஃபயரின் வேலை, உள்ளே வரும் சின்ன அலையை அதே வடிவத்தில் பெரிதாக்குவது. டிரம்மில் விழும் ஓர் அடிக்கு 16 வோல்ட் தேவை, கையில் இருப்பதோ 12 என்றால், அலை 12 வரை ஏறி அங்கேயே தட்டையாக நின்றுவிட்டு இறங்குகிறது. அலையின் முகடு சீவப்படுகிறது. இதற்கு கிளிப்பிங் என்று பெயர். இரண்டு பக்கமும் சமமாகச் சீவப்பட்ட அலையில், மூலப் பாட்டில் இல்லாத ஒலிகள் புதிதாகச் சேர்கின்றன: 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று கிளிப் ஆனால் கூடவே 300, 500, 700 என்று ஒற்றைப்படை மடங்குகள் கிளம்பும். நாம் ‘உடையுது’, ‘இரையுது’ என்று சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான்.

ராக் கிட்டார்காரர்களுக்கு இதே சிதைவு வேண்டும். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964-இல் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தே அந்த ஒலியைப் பிடித்தார். அவர் கேட்டு வாங்கிய அதே கரகரப்பு, இளையராஜாவின் வயலின்கள் மேல் கேட்காமல் வந்து உட்கார்ந்தால் நமக்குப் பொறுக்காது.

கிளிப்பிங் காதோடு நின்றால் பரவாயில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் ஒலியாவதில்லை. மீதியெல்லாம் காயிலில் வெப்பமாகிறது. சீவப்பட்டுச் சதுரமான அலை, அதே உயரமுள்ள வளைந்த அலையைவிட இரண்டு மடங்கு வெப்பம் தரும். 20 வாட் ஸ்டீரியோ தன் எல்லை மீறி 40 வாட் வெப்பத்தை அனுப்பும் கதை இது. இதில் முதலில் பலியாவது மேல்ஸ்தாயி ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர். பேஸ் தன் உச்சத்தில் முட்டி நின்ற பிறகும், நாம் வால்யூமைத் திருகத் திருக மேல்ஸ்தாயி ஒலிகள் ஏறிக்கொண்டே இருக்கும். கிளிப்பிங் பெற்றெடுத்த புதிய ஒலிகளும் அந்தப் பக்கமே போய்ச் சேரும். தலைமுடி போன்ற கம்பி சுற்றிய ட்வீட்டர் காயில் அதைத் தாங்காது. ‘சின்ன செட்டு எப்படி பெரிய ஸ்பீக்கரை எரிக்கும்?’ என்ற பழைய சந்தேகத்துக்கு இதுவே விடை.

இனி காருக்குள் உட்காருவோம். கரகரப்பு வரும் வால்யூமில் பாட்டை ஓடவிட்டு, ஃபேடரையும் பேலன்ஸையும் மாற்றி நான்கு ஸ்பீக்கர்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். நான்கும் ஒரே வால்யூமில் ஒன்றுபோல உடைந்தால் கோளாறு ஸ்பீக்கருக்கு முன்னால் எங்கோ இருக்கிறது: பாட்டுக் கோப்பில், போனில், ஈக்வலைசரில், ஆம்ப்ளிஃபயரில், மின்சாரத்தில். ஒன்று மட்டும் உடைந்தால் அந்த ஸ்பீக்கரையும் அதன் ஒயரையும் கதவையும் பார்த்தால் போதும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்பீக்கர் மாற்றுவது வீண்செலவு என்பது என் கட்சி.

நான்கும் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சந்தேகம் ஈக்வலைசர் மேல். பேஸை 10 டெசிபல் உயர்த்தினால் அந்தத் தாழ்ந்த ஒலிகளுக்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட் தர வேண்டும். 3 டெசிபலுக்கே இரண்டு மடங்கு. இருக்கும் 20 வாட்டில் பத்து மடங்குக்கு எங்கே போவது? பல கார்களில் போனில் ஒரு பேஸ் பூஸ்ட், பாட்டுச் செயலியில் ஒன்று, ஸ்டீரியோவில் ‘லவுட்னெஸ்’, ஆம்ப்ளிஃபயரில் தனியாக ஒரு குமிழ் என்று நான்கு இடத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் சப்பென்று ஆனதாக முதலில் தோன்றும். வால்யூமை இரண்டு மூன்று படி ஏற்றினால் அதே உரப்பு கரகரப்பில்லாமல் வரும். எதையாவது சரிசெய்தே ஆக வேண்டுமென்றால், கூட்டுவதைவிட, காதைக் குத்தும் பகுதியைக் குறைப்பது நல்லது.

புளூடூத்தில் கேட்பவர்கள் போனின் வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்து ஸ்டீரியோவில் ஏற்றி இறக்க வேண்டும். போனில் பாதியாக வைத்து ஸ்டீரியோவைக் கோடிக்கு ஏற்றினால் அடியில் கிடக்கும் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஆக்ஸ் ஒயர் போட்டிருந்தால் கதை தலைகீழ்: போன் முழு வால்யூமில் ஸ்டீரியோவின் வாசலையே திணறடிக்கக்கூடும், ஒன்றிரண்டு படி இறக்கிவிடுங்கள். பத்து இடத்தில் கைமாறி வந்த எம்பி3 கோப்புகளில் சில, யாரோ ஒருவர் ‘பேஸ் பூஸ்டட்’ என்று உருட்டியபோதே முகடு சீவப்பட்டவை. அவற்றை எந்த ஸ்டீரியோவாலும் திருத்த முடியாது.

அடுத்தது மின்சாரம். என்ஜினை அணைத்துவிட்டு அதே பாட்டை அதே வால்யூமில் கேளுங்கள். கரகரப்பு முன்கூட்டியே வந்தால் ஆச்சரியமில்லை. திறன் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது, 14.4 வோல்ட் 12 ஆனால் உச்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கு அளவு காணாமல் போகும். ஆனால் என்ஜின் ஓடும்போதும் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஹெட்லைட் மங்கினால், அது தண்ணீர் மோட்டார் போட்டதும் வீட்டில் பல்ப் மங்குவதைப் போன்றது. ஒயர் மெலிசு, அல்லது பேட்டரி கிழம், அல்லது எர்த் சரியில்லை.

தனி ஆம்ப்ளிஃபயர் போட்ட கார்களில் நான் முதலில் சந்தேகிப்பது எர்த்தைத்தான். பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். பாட்டு உரக்க ஓடும்போது மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகாமல் இணைப்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, தடித்த ஒயரில், நீளம் குறைவாக எர்த் கொடுக்க வேண்டும். சீட் பெல்ட்டின் போல்ட்டை மட்டும் தொட வேண்டாம். அது உயிர் காக்கும் போல்ட். ஒயர் வாங்கும்போதும் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். அலுமினியம் செம்பைப் போல 61 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும், எனவே அதற்கேற்ப இன்னும் தடித்ததாக வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ‘கெயின்’ குமிழைப் பலர் இரண்டாவது வால்யூம் என்றே நினைக்கிறார்கள். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னல் 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்று பார்த்து, அதற்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கான குமிழ் அது. முழுதாக ஏற்றினால் வாட் கூடாது. வால்யூம் பத்திலேயே கிளிப்பிங் வந்துவிடும், அவ்வளவுதான். பொருத்தும் முறை எளிது. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள். ஈக்வலைசரையும் ஆம்ப்ளிஃபயரின் ஃபில்டர்களையும் அணையுங்கள். கெயினை முற்றிலும் குறைத்துவிட்டு, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, 0 டெசிபலில் பதிவான ஒற்றை ஸ்வரச் சோதனைக் கோப்பை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்தபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது? கையேட்டில் உள்ள ஆர்.எம்.எஸ். வாட்டை (அதிகபட்ச வாட்டை அல்ல, தொடர்ந்து தரும் வாட்டை) ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். அதுவே எல்லை. மலிவான மல்டிமீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை, ஆயிரம் ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம். 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் கோப்பே பாதுகாப்பானது. இனி முக்காலைத் தாண்டி வால்யூமை யார் ஏற்றினாலும் கையைத் தட்டிவிடலாம்.

சத்தம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்று, சற்று நேரம் கழித்துத் தானே உயிர்பெற்றால், ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்கிறது. சீட்டுக்கு அடியில் காற்றில்லாமல் வெந்திருக்கும், அல்லது இரண்டு 4 ஓம் சப் வூஃபர்களை இணையாகச் சேர்த்து 2 ஓம் ஆக்கி, அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருப்பார்கள்.

ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் உடைகிறதா? முதலில் கதவு பேனலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். சத்தம் நின்றால் பேனலின் கிளிப்தான் ஆடுகிறது. டிக்கியிலிருந்து வரும் ‘ஸ்பீக்கர் கரகரப்பு’ நம்பர் பிளேட்டாகவும் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கரைக் கழற்றி, கூம்பை விரல்களால் நாலாபுறமும் சமமாக மெதுவாக அழுத்துங்கள். சொரசொரவென்று உரசினால் காயில் வெந்தோ விலகியோ போயிருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரையால் ஆனது என்றால் நம் வெயிலில் சில ஆண்டுகளில் பொடியும். மழைத் தண்ணீர் ஜன்னல் ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. காகிதக் கூம்பு அதில் ஊறியும் கெடும்.

நல்ல ஸ்பீக்கரும் பேஸில் மட்டும் ‘டப் டப்’ என்று அடித்தால் அது தன் ஓட்டத்தின் எல்லையில் முட்டுகிறது. ஒரே உரப்புக்கு, அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசையும் கூம்பு 40-இல் நான்கு மில்லிமீட்டர் கேட்கும். சின்னக் கதவு ஸ்பீக்கரிடம் அவ்வளவு இருக்காது. ஸ்டீரியோவின் மெனுவில் ‘ஹெச்.பி.எஃப்.’ என்று ஒன்று இருக்கும். அதை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அதற்குக் கீழுள்ள ஒலிகள் வடிகட்டப்பட்டு, கதவு ஸ்பீக்கர் மூச்சுவிடும். ஆழமான பேஸ் வேண்டுமென்றால் அது சப் வூஃபரின் வேலை. மாறாக, உடைசலே இல்லாமல் பேஸ் மட்டும் காணவில்லை என்றால், ஒரு ஸ்பீக்கரின் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும். 1.5 வோல்ட் பென்சில் செல்லை, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும், உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது.

எல்லாம் பார்த்து, ஸ்பீக்கர் மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால் கடையில் வாட்டைக் கேட்காதீர்கள். வாட் என்பது அது தாங்கும் அளவு, தரும் அளவு இல்லை. சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் 30 வாட் வாங்கித் தரும் உரப்பை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 15 வாட்டிலேயே தந்துவிடும். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத காருக்கு இந்த மூன்று டெசிபல்தான் வாங்கத் தகுந்த பொருள்.